இரண்டாவது பேறும் இல்லத்தார் கடமையும்

(சங்க ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற மாதர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா என்றால் இசை உண்டு, நாடகம் உண்டு. சிறுவர் சிறுமியர் குறள் ஒப்பிப்பார்கள். முடிவில் பரிசு வழங்கப்பெறும். இவற்றுக்கிடையே மாதர் பகுதியின் சார்பில் சிறிது நேரம் பேசுமாறு சங்கத்தார் எங்களைப் பணித்தார்கள். கோலத்தைப் பற்றியோ குழந்தை வளர்ப்பைப் பற்றியோ பேசுவோம் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நாங்கள் வேறொரு பொருளைத் தேர்ந்துகொண்டோம். அடுக்களையில் தாழ்ந்த குரலில்கூட எவரும் பேசாத பொருள் அது.

முதற் பேற்றின்போது பிறப்புவாயிலில் கடுமையான கிழிவு ஏற்பட்டுத் தையல் இடப்பட்ட ஒரு பெண், மறுமுறை கருவுறுகிறாள். இம்முறை அவள் எவ்வாறு பிள்ளை பெறுவது? இயற்கையாகப் பெறுவதா, சிசேரியன் அறுவையால் பெறுவதா? அதை எப்போது முடிவு செய்வது? முடிவு செய்ய வேண்டியவர் யார்? இவைதாம் நாம் இன்று ஆராய எடுத்துக்கொண்ட வினாக்கள். ஆடவரும் அமர்ந்திருக்கும் அவையில் இதைப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆடவரும் மாமியாரும் மாமனாரும் அமர்ந்திருக்கும் அவையிலேதான் இதைப் பேச வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஏன் என்பதைச் சொல்கிறோம்.

எங்கள் இல்லத்தில் நிகழ்ந்ததையே முதலில் கூறுகிறோம். எங்கள் மருமகளின் இசைவு பெற்றே கூறுகிறோம். மருத்துவமனையின் பெயரோ ஊரின் பெயரோ இங்கு வேண்டா. குறை காண வேண்டிய இடம் எங்கள் வீடுதான்.

வழக்கப்படி தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறந்தது. நெடுநேரம் வலி கண்டு, முடிவில் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார்கள். "தையல் கொஞ்சம் கூடுதல்" என்று சம்பந்தியம்மாள் தொலைபேசியில் சொன்னார். குழந்தை நலமா, எடை எவ்வளவு என்று கேட்டோம், அத்துடன் நிறுத்திக்கொண்டோம். ஐந்தாம் மாதம் பெண் திரும்பி வந்தாள். அதன் பின்னர் அவள் போக்கில் சில மாறுதல்களைக் கண்டோம். திருமணத்துக்கு முன் அலிபிரியிலிருந்து படியேறி மலைக்குச் சென்றவள், இப்போது நடந்து வர மறுத்தாள். திருமண வீடுகளில் பந்தியில் உட்கார மாட்டாள். வெளியூர்ப் பயணம் என்றால் முதல்நாள் இரவிலிருந்தே உண்ணமாட்டாள். கைப்பையில் எப்போதும் ஒரு மாற்றுப் புடைவை இருக்கும். படித்த பெண், சற்றுச் செருக்கு என்று நாங்கள் எங்களுக்குள்ளே பேசிக்கொண்டோம். இரண்டரை ஆண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

மீண்டும் கருவுற்ற செய்தி தெரிந்த நாளில் வீடே மகிழ்ந்தது. அவள் மட்டும் பூசையறையின் ஓரத்தில் அமர்ந்து அழுதாள். "அத்தை, மறுபடியும் அப்படி ஆனால் நான் என்ன செய்வேன்?" என்றாள். "அப்படி என்றால் எப்படியம்மா?" என்று நாங்கள் கேட்டதுதான், அவள் உடம்பைப் பற்றி நாங்கள் கேட்ட முதல் கேள்வி. அன்றுதான் அறிந்தோம்: காற்றை அடக்க அவளால் இயலவில்லை; மலம் கழிக்கும் உணர்வு தோன்றினால் ஓட வேண்டியிருந்தது; சில வேளைகளில் ஓடியும் பயனில்லை. செருக்கு என்று நாங்கள் நினைத்தது அச்சமும் நாணமும் ஆகும்.

அன்பர்களே! இந்தக் கிழிவு என்பது யாது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வோம். குழந்தை வெளிவரும்போது பிறப்புவாயிலுக்கும் மலவாயிலுக்கும் இடைப்பட்ட பகுதி விரிகிறது. முதற் பேற்றில் ஓரளவு கிழிவது பெரும்பாலோர்க்கு நேர்வதே. மருத்துவர் இதனை நான்கு படிகளாகப் பிரிப்பர். தோல் மட்டும் கிழிவது முதற்படி. தோலின் கீழுள்ள தசையும் கிழிவது இரண்டாம் படி. இவ்விரண்டும் பெரும்பாலும் எளிதில் ஆறிவிடுகின்றன. மலவாயைச் சுற்றி வளையம்போல் அமைந்து, அதை மூடிக் காக்கும் சுருக்குத்தசை ஒன்றுண்டு. கிழிவு அதனையும் எட்டினால் அது மூன்றாம் படி. அதனையும் கடந்து மலக்குடலின் உட்சவ்வு வரை சென்றால் நான்காம் படி.

சுருக்குத்தசையில் புறவளையம், அகவளையம் என இரண்டு உள்ளன. புறவளையத்தின் கனத்தில் பாதிக்குக் குறைவாகக் கிழிந்தால் 3ஏ என்றும், பாதிக்கு மேல் கிழிந்தால் 3பி என்றும், அகவளையமும் கிழிந்தால் 3சி என்றும் குறிப்பர். டாக்டர் அப்துல் சுல்தான் என்பவர் 1999இல் வகுத்த இம்முறையை இன்று பல நாட்டு மருத்துவரும் பின்பற்றுகின்றனர். ஒரு சிறு எண்ணும் ஓர் எழுத்தும்தாம். ஆயினும், ஒரு பெண்ணின் அடுத்த பேற்றைப் பற்றிய முடிவுக்கு அவ்விரண்டும் அடிப்படையாகின்றன. நம் வீடுகளில் குழந்தையின் ஜாதகத்தைப் பட்டுத்துணியில் சுற்றி வைக்கிறோம். இந்த எண்ணைத் தாங்கிய டிஸ்சார்ஜ் சீட்டை எங்கே வைத்தோம் என்பது நமக்குத் தெரிவதில்லை. எங்கள் மருமகளின் சீட்டு தாய்வீட்டில் பரணிலிருந்த பெட்டியில், பழைய மின்கட்டணச் சீட்டுகளுக்கிடையே அகப்பட்டது. அதில் 3பி என்று எழுதியிருந்தது.

இது அரிதான துன்பமா என்று கேட்பீர்கள். இலண்டனிலுள்ள மகப்பேறு மருத்துவர்களின் அரசக் கல்லூரி 2015இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, அந்நாட்டில் முதன்முறை இயற்கையாகப் பிள்ளை பெறுவோருள் நூற்றுக்கு 6 பேருக்கு மூன்றாம் அல்லது நான்காம் படிக் கிழிவு ஏற்படுகிறது. அடுத்தடுத்த பேறுகளில் நூற்றுக்கு 2 பேருக்கும் குறைவாகவே ஏற்படுகிறது. குழந்தை 4 கிலோவுக்கு மேல் இருத்தல், தள்ளும் கட்டம் நீளுதல், குழந்தையின் முகம் வயிற்றுப்புறம் நோக்கியிருத்தல், ஆயுதம் போட்டு எடுத்தல் ஆகியவை இதற்கு ஏதுவாகின்றன. மேலைநாட்டு மருத்துவமனைகளில் ஆசியப் பெண்களுக்கு இது கூடுதலாக நேர்வதையும் கண்டிருக்கிறார்கள். ஆதலின், "சரியாகத் தள்ளத் தெரியாதவள்" என்று பெண்ணைக் குறைகூறுவது அறியாமை.

கண்ணுக்குப் புலப்படாமற் போகும் கிழிவுகளும் உண்டு. 1993இல் டாக்டர் சுல்தானும் அவருடன் உழைத்தோரும் இலண்டனில் ஓர் ஆராய்ச்சி நிகழ்த்தினர். முதன்முறை பிள்ளை பெற்ற 79 பெண்களை ஒலியலைக் கருவியால் சோதித்தபோது, 28 பேருக்குச் சுருக்குத்தசையில் ஊறு இருப்பதைக் கண்டனர். தையலிடுமுன் மலவாயினுள் விரலைச் செலுத்தி ஒவ்வொரு தாயையும் முறையாகச் சோதிக்க வேண்டும் என்று இன்று வலியுறுத்தப்படுவது இதனால்தான். "எனக்குப் பெரிய கிழிவு என்று எவரும் சொல்லவில்லையே, ஆனால் அடக்க முடியவில்லை" என்று கூறும் பெண்ணின் சொல்லையும் நாம் நம்ப வேண்டும்.

ஆறுதலான செய்தியும் இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில், மயக்கமருந்து கொடுத்து, பயின்ற கையால் தைக்கப்பட்டவர்களுள் நூற்றுக்கு 60 முதல் 80 பேர் ஓராண்டிற்குள் எவ்விதக் குறையுமின்றி நலம் பெறுகின்றனர் என்று மேற்சொன்ன வழிகாட்டி கூறுகிறது. மலச்சிக்கல் வராமல் காத்தலும், தசைப்பயிற்சியும் இதற்குத் துணை. காற்றையும் சிறுநீரையும் ஒருங்கே அடக்குவதுபோல் அத்தசைகளை உள்ளிழுத்துச் சிறிது பொறுத்துத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு முறையாவது, நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதமேனும் இடைவிடாது செய்தல் வேண்டும். செலவில்லாத மருந்து இது. லேகியம் கிளறிக் கொடுக்கும் நாம், இதையும் நினைவூட்டலாமல்லவா?

இனி நம் வினாவிற்கு வருவோம். முன்பு இவ்வாறு கிழிந்தவள் மறுமுறை இயற்கையாகப் பெறலாமா? முன்பு கிழிந்தவர்களுள் நூற்றுக்கு 5 முதல் 7 பேருக்கு மீண்டும் அவ்வகைக் கிழிவு ஏற்படுகிறது என்பது கணக்கு. மற்ற 93 அல்லது 95 பேருக்கு ஏற்படுவதில்லை. இந்த எண்ணை மட்டும் கேட்டால், அஞ்ச வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால், எண் எல்லார்க்கும் ஒன்றே ஆயினும், அதன் பாரம் எல்லார்க்கும் ஒன்றன்று. எந்தக் குறையுமின்றி நலமாக இருப்பவளுக்கு அது தாங்கத்தக்க சிறு இடர். ஏற்கெனவே அடக்க முடியாமல் துன்புறுபவளுக்கோ, இருக்கும் சிறிதளவு ஆற்றலையும் பறித்துவிடக்கூடிய இடர் அது. ஆகவே, "முன்பு கிழிந்ததா?" என்னும் கேள்வியோடு நின்றுவிடலாகாது, "இப்போது எப்படி இருக்கிறாய்?" என்று கேட்க வேண்டும்.

மருத்துவ நூலோர் கூறும் நெறியும் இதுவே. குறைகள் எவையேனும் தொடர்ந்து இருந்தாலும், ஒலியலைப் படத்திலோ அழுத்தத்தை அளக்கும் சோதனையிலோ தசையில் ஊறு தென்பட்டாலும், திட்டமிட்ட சிசேரியன் அறுவையையும் ஒரு வழியாக அப்பெண்ணிடம் எடுத்துரைக்க வேண்டும். குறையும் இல்லை, சோதனையிலும் தசை நன்றாயிருக்கிறது என்றால், இயற்கைப் பேறு பொருத்தமானதே. இச்சோதனைகள் பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில்தாம் உண்டு. அவை கிட்டாத இடத்தில் பெண்ணின் வாய்மொழியும் மருத்துவரின் விரற்சோதனையுமே வழிகாட்டும். அவள் வாய் திறவாவிடில் முதல் வழிகாட்டியே இல்லாமற் போகிறது.

"இவ்வளவு ஏன்? அறுத்து எடுத்துவிட்டால் ஆயிற்று" என்று சொல்வோர் நம்மிடையே பலர். 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியா முழுமைக்கும் நூறு பேறுகளில் 21.5 சிசேரியன், ஆந்திரத்தில் 42.4, தமிழ்நாட்டில் 44.9. நாம் வாழும் மாநிலமும் நாம் வந்த மாநிலமும் அறுவைக்குத் தயங்குவன அல்ல. ஆனால், அறுவைக்கும் தனி விலை உண்டு. வயிற்றுப் புண் ஆறவேண்டும்; மூத்த குழந்தையைத் தூக்க இயலாது; சீழ், குருதிக்கட்டு போன்றவை சிலர்க்கு நேரலாம். அறுவைகள் பெருகப் பெருக, அடுத்த கருவில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஆழ வேரூன்றிப் பெருங்குருதிப் போக்கை விளைக்கும் இடரும் வளர்கிறது. அமெரிக்காவில் 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மூன்றாவது அறுவை வரையில் இது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவும், நான்காவதில் நூற்றுக்கு 2க்கு மேலும் காணப்பட்டது. எனவே, இன்னும் எத்தனை குழந்தைகள் வேண்டும் என்பதும் இம்முடிவில் ஒரு கூறு. மேலும், அறுவை புதிய கிழிவைத் தடுக்குமேயன்றிப் பழைய குறையைத் தீர்க்காது. இதை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

அறுவை என்று முடிவு செய்தபின் நாள் நட்சத்திரம் பார்க்கும் வழக்கமும் நம்மிடம் வந்துவிட்டது. பார்ப்பவர் பார்க்கட்டும். ஆனால், வேறு மருத்துவக் காரணம் இல்லாதபோது 39ஆவது வாரத்திற்கு முன் குழந்தையை எடுக்கலாகாது. நல்ல நட்சத்திரத்திற்காக நுரையீரல் முதிராத குழந்தையை வெளியே இழுப்பதை எந்தச் சோதிடமும் நன்மை என்று கூறாது.

இயற்கைப் பேற்றைத் தேர்ந்துகொள்பவளும் விதியே என்று விட்டுவிட வேண்டியதில்லை. தள்ளும் கட்டத்தில் அவ்விடத்தில் வெதுவெதுப்பான ஈரத்துணி ஒத்தடம் வைத்தால் மூன்றாம், நான்காம் படிக் கிழிவுகள் குறைகின்றன என்பது பல ஆய்வுகளில் தெளிந்த உண்மை. குழந்தையின் தலை வெளிப்படும்போது ஒரு கை அதன் வேகத்தைத் தடுத்து, மறு கை கீழ்ப்பகுதியைத் தாங்க, தாய் தள்ளாமல் மெல்ல மூச்சு விட்டால் தலை அமைதியாக வெளிவரும். கத்தரித்து வழி விட வேண்டிய தேவை நேர்ந்தால், நேர்க்கீழாக அல்லாமல் பக்கவாட்டில் 60 பாகைச் சாய்வில் வெட்ட வேண்டும். எல்லார்க்கும் வழக்கமாக வெட்டுவதையும், வயிற்றின் மேலிருந்து அழுத்திக் குழந்தையைத் தள்ளுவதையும் உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகளில் ஏற்கவில்லை. கருவுற்றிருக்கும்போது சர்க்கரை கூடினால் குழந்தை பெருக்கும். ஆகவே அதனையும் உரிய காலத்தில் சோதித்துக் கட்டுக்குள் வைத்தல் வேண்டும்.

எங்கள் மருமகள் என்ன முடிவு செய்தாள் என்று அறிய விரும்புவீர்கள். பழைய சீட்டுடன் நான்காம் மாதத்திலேயே மருத்துவரிடம் சென்றோம். அவர் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். புறவளையத்தில் இன்னும் இடைவெளி இருப்பது படத்தில் தெரிந்தது. இரு வழிகளையும் அந்த அம்மையார் பொறுமையாக விளக்கி, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று அவளையே கேட்டார். நாங்கள் வாய் திறக்கப் போனோம். எங்கள் மகன் கையமர்த்தினான். அவள் ஒரு வாரம் எண்ணிப் பார்த்து அறுவையைத் தேர்ந்தாள். 39ஆவது வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பழைய குறை ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. பயிற்சியால் குறைந்து வருகிறது. இன்று அவள் பந்தியில் அமர்ந்து உண்கிறாள்.

நம் காலனியிலேயே வேறொரு சகோதரி இருக்கிறார். அவருடைய இசைவுடனும் கூறுகிறோம். அவருக்கு முதற் பேற்றில் 3ஏ கிழிவு. நன்கு ஆறிவிட்டது, எந்தக் குறையும் இல்லை, சோதனையிலும் தசை முழுமையாக இருந்தது. அவர் இயற்கைப் பேற்றைத் தேர்ந்தார். முன்னைய கிழிவைப் பற்றிய குறிப்பு அவருடைய கேஸ் சீட்டின் முதற் பக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஒத்தடம் கொடுத்து, நிதானமாகப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் படிக் கிழிவு சிறிது ஏற்பட்டு ஆறிப்போயிற்று. மீண்டும் பெருங்கிழிவு நேர்ந்திருக்கவும் கூடும்; அதை அறிந்தே அவர் தேர்ந்தார். ஒரே காயத்தின் பெயரால் இருவர் இருவேறு வழிகளில் சென்றனர். இருவரும் சரியாகவே சென்றனர். "அவள் அப்படிப் பெற்றாளே, நீ ஏன் இப்படி?" என்னும் பேச்சுக்கு இங்கே இடமில்லை.

நம்மைப்போல் வேற்றுமொழி மாநிலத்தில் வாழ்வோர்க்கு இன்னுமோர் இடர் உண்டு. 1911 வரையில் சித்தூரே வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் பலமுறை மாறின. நம் முன்னோர் இங்கேயே தங்கித் தெலுங்கைத் தம் மொழிபோல் பேசினர். ஆனால், மருமகள்கள் இன்றும் திருவண்ணாமலையிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் வருகிறார்கள். கடைத்தெருவில் விலை கேட்கும் தெலுங்கு ஆறு மாதத்தில் வந்துவிடும். உடம்பின் மறைவான நோவைச் சொல்லும் தெலுங்கு எளிதில் வருவதில்லை. தாய்மொழியிலேயே சொல்லக் கூசும் ஒன்றை வேற்றுமொழியில் எவ்வாறு சொல்வாள்? "பாகுன்னாரா?" என்று மருத்துவர் கேட்க, "பாகுன்னானு" என்று சொல்லிவிட்டு வெளியே வருகிறாள். நலம் என்று ஏட்டில் பதிவாகிறது.

இந்நிலையில் சங்கம் ஒன்று செய்யலாம். இரு மொழியும் அறிந்த, சொன்னதை வெளியே சொல்லாத பெண்மணிகள் இருவர் மூவர் மாதர் பகுதியிலிருந்து முன்வந்து, விரும்பும் இளம்பெண்களுடன் மருத்துவமனைக்குச் செல்லலாம். திருப்பதியில் வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி 1960இலும், வேங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிலையம் 1993இலும் தோன்றின. சித்தூரிலிருந்து வேலூர் ஒரு மணிப் பயணத்தில் இருக்கிறது. நம்மைச் சுற்றி மருத்துவத்திற்குக் குறைவில்லை. அதன் வாயில் வரை சென்று உண்மையைச் சொல்லும் துணிவுக்கே துணை வேண்டியிருக்கிறது.

வேலூர் என்றதும் ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது. 1890களில் திண்டிவனத்தில் தம் தந்தையாரான மருத்துவருடன் தங்கியிருந்தார் இளம்பெண்ணான ஐடா ஸ்கடர். ஒரே இரவில் மூவர், ஒருவர் பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையிலிருந்த தம் மனைவியரைக் காக்குமாறு அவரை அழைத்தனர். அவரோ மருத்துவம் பயிலாதவர். தந்தையாரை அனுப்புகிறேன் என்றார்; ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு அவர்கள் உடன்படவில்லை. விடிந்தபோது மூன்று தாய்மாரும் இறந்திருந்தனர். அவ்விரவே அவரை மருத்துவம் கற்கச் செய்தது. வேலூரில் பெரும் மருத்துவமனை எழக் காரணமாயிற்று. அன்று அங்கே பெண் மருத்துவர் இல்லை. நாணம் உயிரைக் கொண்டது. இன்று எத்துணையோ பெண் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆயினும் அதே நாணம் வேறு வடிவில் நம் வீட்டு மூலையில் அமர்ந்து அழுகிறது.

முடிவாக, இல்லத்தார் கடமைகளைத் தொகுத்துக் கூறுகிறோம். பிள்ளை பெற்று வந்த பெண்ணிடம், குழந்தையின் எடையைக் கேட்பதற்கு முன், அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று தனிமையில் கேளுங்கள். ஒருமுறை கேட்டு நிறுத்தாமல் ஆறாம் வாரத்திலும் ஆறாம் மாதத்திலும் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கிழிவின் படி அதில் எழுதப்படவில்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். மறுமுறை கருவுற்றால், வளைகாப்புக்கு நாள் பார்ப்பதற்கு முன்பே மருத்துவரிடம் இதைப் பேசி முடியுங்கள். வலி கண்ட நள்ளிரவில் முடிவு செய்யும் பொருளன்று இது. கணவன்மார்களே, உடன் செல்லுங்கள். தாம்பத்தியத்தில் நோவு உண்டா என்பதையும் பொறுமையுடன் கேளுங்கள். முதற் பேற்றின் நினைவே அவளை நடுங்கச் செய்கிறதென்றால், அந்த அச்சத்தையும் ஒரு காரணமாக மதியுங்கள்.

எல்லாவற்றையும் கேட்டறிந்த பின் முடிவை அவளிடம் விட்டுவிடுங்கள். "பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு" என்று நம் பாட்டிமார் சொல்வர். மறுபிறப்பு அவளுடையது என்றால், அதற்கான வழியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் அவளுடையதே. நாம் கேட்கத் தவறிய ஒரு கேள்வியால் எங்கள் வீட்டில் ஒரு பெண் இரண்டரை ஆண்டுகள் தனித்துத் துன்புற்றாள். உங்கள் வீடுகளில் அந்தக் கேள்வி இன்றிரவே கேட்கப்படுமானால், இந்த அவையில் எங்கள் குறையை வெளியிட்டதற்குப் பயன் கிட்டிவிடும்.